மதினி வாங்கிய மல்லிகை

1

என் மகள் தர்ஷினி சுற்றுலா வழிகாட்டி. பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனின் பழைய தெருக்களில், வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் வெளியூர்க்காரர்களை நடத்திக் கூட்டிப்போய்க் கதை சொல்வது அவள் வேலை. கழுத்தில் அனுமதி அட்டை தொங்கும். கையில் ஒரு மஞ்சள் குடை. கூட்டத்தில் யாரும் தொலைந்துவிடக் கூடாது என்று அந்தக் குடையை மடக்கியபடியே உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பாள்.

நான் இந்த நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. ஆனாலும் அவளோடு அந்த நடையை ஒரு நாளும் போனதில்லை. எங்கள் வீடு தீவில் இல்லை. கடலுக்கு இந்தப் பக்கம், சிம்பாங் அம்பாட்டில். ஜார்ஜ்டவுன் என்றால் எனக்குக் கோயில், மளிகை, தைப்பூசம், அவ்வளவுதான். உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். பெற்ற மகள் சொல்லும் கதைக்கு மட்டும் அம்மாவிடம் தனி மரியாதையா கிடைத்துவிடும்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். கடல் மேல் நிற்கும் வீடுகள், மசூதி, பழைய கடைத்தெரு என்று எல்லாவற்றையும் அவள் காட்டினாள். நான் பார்த்ததெல்லாம் என் மதினியின் கைப்பையைத்தான். அந்தப் பைக்குள் ஒரு வெள்ளிக் குங்குமச்சிமிழ் இருந்தது. அது எப்போது வெளியே வரும், எப்போது வெளியே வரும் என்று பார்த்துக்கொண்டே ஊரை நடந்து முடித்தேன். ஊரில் இருக்கிற உங்களுக்குச் சிமிழ் என்றதுமே பாதி விளங்கியிருக்கும். மீதியைச் சொல்கிறேன்.

2

என் கணவர் சேகரன் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர், தீவில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். காலையில் வேலைக்குப் போனவர் மத்தியானம் மருத்துவமனையிலிருந்து உடலாகத்தான் வந்தார். அதுவரை விமானமே ஏறியிராத என் அண்ணன் முருகேசன், மதினியையும் கூட்டிக்கொண்டு அருப்புக்கோட்டையிலிருந்து விழுந்தடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை என் பக்கத்திலேயே இருந்தார். நான் சாப்பிட்டேனா என்று பார்க்காமல் அவர் ஒரு வேளைகூடச் சாப்பிடவில்லை.

அப்படிப்பட்ட அண்ணன் இரண்டு மாதத்துக்கு முன்பு தன் மகனுக்குப் பெண் கேட்டுப் போனில் பேசினார்.

"தர்ஷினிக்கு வயசாகுது. நம்ம கார்த்திக்கும் சென்னையில நல்ல வேலையில நிலைச்சுட்டான். வெளிய எதுக்குத் தேடணும்? அவளை இங்க குடுத்துட்டு நீயும் ஊரோட வந்துரு சாந்தி. மாப்பிள்ளையே இல்லாத ஊர்ல உனக்கு இனிமே யாரு இருக்கா?"

நான் பதில் சொல்லவில்லை. வெயில் எப்படி இருக்கிறது, மழை பெய்ததா என்று பேச்சை மாற்றினேன். பதில் சொல்லாத தங்கை என்றால் சம்மதித்த தங்கை என்பது எங்கள் வீட்டு வழக்கம். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

திவசத்துக்கு அண்ணனும் மதினியும் வருகிறார்கள் என்றதும் நான் செய்த முதல் வேலை, நெற்றியில் இருந்த சின்ன ஒட்டுப்பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவைத்ததுதான். இங்கே நான் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் உட்காருகிறேன். பொட்டு வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். யாரும் ஒன்றும் கேட்பதில்லை. தர்ஷினிதான் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் கேட்டாள்.

"அம்மா, பொட்டு எங்க?"

"மாமா வர்றாங்கல்ல."

"மாமா வந்தா பொட்டு ஓடிருமா?" என்றாள்.

அங்கே போய் அவள் செய்த காரியம் அதைவிடப் பெரியது. மாமாவைக் கட்டிக்கொண்டாள், அத்தையின் பெட்டியை வாங்கிக்கொண்டாள், பிறகு சத்தமாகக் கேட்டாள்: "கார்த்திக் அண்ணா வரலையா அத்தை?"

மதினியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கட்டிக்கொள்ளப் போகிறவனை அண்ணன் என்றால் எந்த மாமியாருக்குத்தான் தாங்கும்? இந்த ஊரில் ரொட்டி சானாய் என்று பரோட்டா போடுகிறவரும் அண்ணே, பஸ் ஓட்டுகிறவரும் அண்ணே, நாலு வயசு மூத்த யாரும் அண்ணேதான். அதை மதினிக்கு எடுத்துச் சொன்னேன். "அது மத்தவங்களுக்கு. முறைப்பையனைக்கூடவா அப்படிக் கூப்பிடுவாங்க?" என்றார். தர்ஷினிக்கு முறைப்பையன் என்ற வார்த்தையே தெரியாது. நான் சொல்லிக் கொடுத்ததில்லை.

3

திவசம் நல்லபடியாக முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மாமாவையும் அத்தையையும் தன் நடைக்கு அழைத்தாள் தர்ஷினி. அவள் விடியற்காலையிலேயே போய்விட்டாள். நான் என் வண்டியில் இவர்களை ஏற்றிக்கொண்டு பத்து காவான் என்ற ஊர் வழியாக, தீவுக்குப் போகும் இரண்டாவது பாலத்துக்கு வந்தேன்.

தங்கை வண்டி ஓட்டுவதை அண்ணன் இன்னும் நம்பவில்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, முன்னால் லாரி தெரியும்போதெல்லாம் வலது காலைத் தரையில் அழுத்தினார். அவர் பக்கத்தில் பிரேக் கிடையாது என்று சொன்னால் கோபம் வரும். சொல்லவில்லை.

பாலத்தின் பாதியில், இருபுறமும் கடலாக இருந்தபோது, பின்னால் இருந்து மதினி சொன்னார்: "கடைசியா மாரியம்மன் கோயில்ல போய்த்தான முடியும்னு தர்ஷினி சொன்னா? அங்கேயே பூ வச்சுருவோம்."

பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். "இன்னைக்கா மதினி?"

"பின்ன? நாளைக்கு நைட்டு கிளம்புறோம். வீட்டுல வச்சு வைக்கிறதைவிட அம்மன் வாசல்ல வச்சா விசேஷம்தான. மீனாட்சி கோயில் குங்குமம் கொண்டாந்திருக்கேன்." கைப்பையைத் திறந்து சிமிழைக் காட்டினார். கண்ணாடியில் அது பளபளத்தது.

"அவகிட்ட ஒரு வார்த்தை..."

"சின்னப் பிள்ளைகிட்ட என்ன கேக்குறது? உன்னைக் கேட்டா வச்சாங்க?" என்றார் அண்ணன். கேலியாகத்தான் சொன்னார். மதினியும் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

மதினி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதை இன்னும் இந்திய நேரத்திலேயே வைத்திருந்தார். "பன்னெண்டு மணிக்கு எமகண்டம். அது நம்ம ஊரு டயமுக்கா, இவங்க டயமுக்கா?"

"எமன் இந்த ஊர்ல இந்த ஊர் மணியத்தான் பாப்பான் மதினி," என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அண்ணன் இன்னொரு முறை தரையை அழுத்தினார்.

4

நடை தொடங்கும் இடம் சீனர்களின் மர ஜெட்டி; படகுத்துறைக்கு இங்கே அதுதான் பேர். கடலுக்குள் மரக்கால்கள் ஊன்றி, அதன்மேல் பலகை பரப்பி, இருபுறமும் வீடுகள். ஒரு ஜெட்டியில் ஒரே குடும்பப் பெயர்க்காரர்கள்தான் குடியிருப்பார்கள். தர்ஷினியின் கூட்டத்தில் அன்றைக்கு ஆறு பேர்: ஒரு வயதான ஆஸ்திரேலியத் தம்பதி, கோலாலம்பூரிலிருந்து தனியாக வந்திருந்த ஒரு சீனப் பெண், பிறகு நாங்கள் மூன்று பேர். அண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில் இருந்தார். சீனப் பெண் அவரைக் கேட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டாள். அண்ணன் விறைப்பாக நின்று கொடுத்தார்.

என் மகளை அப்படி நான் பார்த்ததில்லை. வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவி வைக்கச் சொன்னால் மூன்று முறை சொல்ல வேண்டும். இங்கே அவள் குடையை உயர்த்தினால் ஆறு பேரும் நிற்கிறார்கள், இறக்கினால் நடக்கிறார்கள். ஆங்கிலத்தில் கதை சொல்லி முடித்ததும், ஓடிவந்து மாமாவுக்கு, இந்த ஊர் 'லா' சேர்த்துத் தமிழில் சொன்னாள்.

"மாமா, பாத்து நடங்க, பலகை ஆடும் லா. இங்க எல்லாரும் ஒரே பேருக்காரங்க. அதனால அந்தக் காலத்துல இவங்களுக்குள்ள கட்டிக்கவே மாட்டாங்க. ஒரே ரத்தம்னு சொல்லி, வேற ஜெட்டியில போய்த்தான் பொண்ணு பாப்பாங்க."

அண்ணனுக்கு இது பிடித்துவிட்டது. "நம்ம பக்கம் நேர்மாறு. சொந்தம் விட்டுப் போகக் கூடாதுன்னு சொந்தத்துலதான் கட்டுவோம். தாய்மாமன் வீட்டுக்குத்தான் முதல் உரிமை," என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

தர்ஷினி சிரித்துக்கொண்டே அதை ஆங்கிலத்தில் கூட்டத்துக்குச் சொன்னாள். என் மாமா ஊரில் மாமா பிள்ளையையே கல்யாணம் செய்துகொள்வார்கள் என்றாள். ஆஸ்திரேலிய அம்மா புருவத்தை உயர்த்தினாள். நீயும் அப்படித்தானா என்று கேட்டாள். "ஐயோ, நோ! என் கசினெல்லாம் எனக்கு அண்ணன் மாதிரி," என்றாள் என் மகள், எல்லோருக்கும் கேட்கும்படியாக.

அண்ணனுக்கு அந்த ஆங்கிலம் விளங்கவில்லை. மதினிக்கு விளங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். அவர் மகனை ஆங்கிலப் பள்ளியில் படிக்க வைத்தவர். ஆனால் அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பலகை இடுக்கில் கீழே தண்ணீர் அசைந்தது.

அந்த இடத்திலேயே அண்ணனைத் தனியாக இழுத்துப்போய், வேண்டாம் அண்ணே என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன். "தண்ணி குடிக்கிறியா?" என்று அவர் தன் பாட்டிலை என்னிடம் நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

5

உன்னைக் கேட்டா வச்சாங்க என்று அண்ணன் பாலத்தில் கேட்டாரே, அது உண்மை.

எனக்கு இருபத்திரண்டு வயது. மில்லில் கணக்கு எழுதிவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். முகம் கழுவிக்கொண்டு வா என்றார் அம்மா. வந்தேன். இப்படித் திரும்பி உட்கார் என்றார்கள். உட்கார்ந்தேன். யாரோ ஒரு அம்மா என் தலையில் பூ வைத்தார். அவர் கை சில்லென்று இருந்தது. எல்லோரும் சந்தோஷமாகப் பேசத் தொடங்கிய பிறகுதான் அந்த அம்மா பினாங்கிலிருந்து வந்திருக்கிறார், அவருடைய தம்பிக்கு என்னை முடிவு செய்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. பினாங்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று அன்று ராத்திரி அண்ணனிடம்தான் கேட்டேன். அவர் கிழக்கே கையைக் காட்டிவிட்டு அழுதார்.

சேகரன் நல்ல மனிதர். வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போது பூ வாங்கி வருவார். ஒரு நாளும் என்னை அதட்டிப் பேசியதில்லை. அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தாலும் நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். இருந்தாலும் கேட்டிருக்கலாம். இத்தனை வருஷத்தில் எனக்கு ஆறாத ஒரே விஷயம் அதுதான். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அவரிடம்கூட.

6

ஜெட்டியிலிருந்து ஆர்மீனியன் தெரு. சுவர் ஓவியத்தின் முன்னால் படம் எடுக்கப் பெரிய வரிசை. பிறகு கப்பித்தான் கெலிங் மசூதி. நம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியது என்று தர்ஷினி சொன்னதும் அண்ணன் நின்று அண்ணாந்து பார்த்தார். "நம்ம ஆளுங்களா!" என்றார். தனக்கே யாரோ பட்டா எழுதிக் கொடுத்த மாதிரி அவருக்குப் பெருமை.

கடைகளின் முன்வாசல் நிழலில் நடக்கும்போது அண்ணன் என்னோடு சேர்ந்துகொண்டார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"இங்க இருந்து என்ன செய்யப்போற? உனக்கு ஓட்டுகூட இல்லையாம்ல, தர்ஷினி சொன்னா."

அது உண்மைதான். என் கையில் இருப்பது சிவப்பு அட்டை. நிரந்தரமாக இருக்கலாம், குடிமகள் இல்லை. அந்தச் சிவப்பு அட்டை கிடைக்கும்வரை விசா புதுப்பிக்க ஒவ்வொரு முறையும் சேகரன் கூட வந்து, இவளுக்குப் பொறுப்பு நான் என்று கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறேன். கடைசியாகக் கவுண்டருக்குப் போனபோது அங்கிருந்த மலாய்ப் பெண் கணவர் எங்கே என்று கேட்டாள். எனக்கு மலாய் நன்றாகவே வரும். ஆனால் அன்றைக்கு, இறந்துவிட்டார் என்ற ஒரு வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை. தர்ஷினி முன்னால் வந்து குடிமக்களுக்குத் தரும் தன் நீல அட்டையை வைத்து, நான் இவருடைய மகள் என்றாள். அந்தப் பெண் எழுந்து வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். இதையெல்லாம் அண்ணனிடம் நடந்துகொண்டே எப்படிச் சொல்வது?

"இருக்கட்டும்ண்ணே. பழகிருச்சு," என்றேன்.

"பழகுனா போதுமா? அவளைக் கட்டிக் குடுத்துட்டா அப்புறம் தனியா இங்க யாருகூட இருப்ப?"

அவர் என்மேல் உள்ள பாசத்தில்தான் கேட்டார். அதுதான் என்னைக் கட்டிப்போட்டது. கெட்டவராக இருந்திருந்தால் ஜெட்டியிலேயே சண்டை போட்டு முடித்திருப்பேன். கார்த்திக்கும் தங்கமான பையன். யாரிடமும் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லாத இடத்தில் வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

சூலியா தெரு தாண்டியதும் ஊதுபத்தி வாசனை, சினிமாப் பாட்டு, சேலைக் கடைகள். குட்டி இந்தியா. மதினியின் நடை வேகமெடுத்தது.

7

பூக்கடைக்காரப் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். சேகரன் வெள்ளிக்கிழமைகளில் பூ வாங்கியது அவளிடம்தான்.

"அக்கா! அண்ணே போனதுக்கப்புறம் இந்தப் பக்கமே காணோமே," என்றாள். நான் தலையை ஆட்டினேன். அதற்குள் மதினி முன்னால் போய், நெருக்கமாகக் கட்டிய மல்லிகைச் சரமாகப் பார்த்து எடுத்துக்கொண்டார். முகர்ந்து பார்க்காமல் வாழை இலையில் மடித்து வாங்கினார். சாமிக்கும் நல்ல காரியத்துக்கும் வாங்கும் பூவை எங்கள் பக்கம் முகர மாட்டார்கள்.

கோயில் வாசலில் தர்ஷினி கூட்டத்தை நிழலில் நிறுத்தினாள். கோபுரத்தைக் காட்டினாள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நம் ஆட்கள் காலத்திலிருந்தே இந்த அம்மன் இங்கே இருக்கிறாள் என்று சொன்னாள். கேள்வி ஏதாவது உண்டா என்றாள். ஆஸ்திரேலியக் கிழவர் பசிக்கிறது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "டூர் முடிஞ்சுது. மக்கான் போலாம், நல்ல வாழை இலைச் சாப்பாடு காட்டுறேன்," என்று என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள். முகமெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

மதினி அந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்தார். கைப்பையைத் திறந்தார். சிமிழ் வெளியே வந்தது. இலையைப் பிரித்தார்.

"தர்ஷினி, இங்க வாத்தா. கிழக்க பாத்துத் திரும்பி நில்லு."

"எனக்கா அத்தை? ஐயோ, சோ ஸ்வீட்!"

அவள் தொப்பியைக் கழற்றினாள். குடையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். மதினியைவிட உயரம் என்பதால் முழங்காலை மடக்கி, தலையைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டினாள். சீனப் பெண் போனை எடுத்தாள். ஆஸ்திரேலிய அம்மாவும் எடுத்தாள். அண்ணன் தோள் துண்டைச் சரிசெய்து, கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் உதடுகள் அசைந்தன. அம்மாவையும் அப்பாவையும் நினைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

பூ வைத்துவிட்டால் முடிந்தது. நம் பக்கம் வைத்த பூவை எடுப்பது கிடையாது. எடுத்தால் அது இரண்டு குடும்பம் பிரிவதற்குச் சமம். அவளுக்கு அது வெறும் பூ. நாளைக்கு அண்ணன் ஊருக்குப் போய்ச் சொந்தத்தையெல்லாம் கூப்பிட்டு, பூ வைத்துவிட்டோம் என்று சொல்வார். அப்புறம் அவளிடம் யார் போய்ச் சொல்வது? நான்தான் சொல்ல வேண்டும். நீ சிரித்துக்கொண்டு தலையைக் காட்டினாயே, அதற்கு அர்த்தம் இது என்று.

மதினியின் கை மேலே போனது. நான் குறுக்கே போய் நின்றேன்.

"அவளுக்கு வேண்டாம் மதினி," என்றேன். குரல் மிகவும் மெல்லியதாகத்தான் வந்தது.

மதினிக்குப் புரியவில்லை. "என்னது?"

"அவளை யாரும் கேக்கல. கேக்காம வைக்க வேண்டாம்."

அண்ணன் கண்ணைத் திறந்தார். மதினியின் கை, பூவோடு அப்படியே அந்தரத்தில் நின்றது. முதுகைக் காட்டி நின்ற தர்ஷினி, "என்னமா ஆச்சு?" என்று திரும்பினாள். போன்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. இது அவள் வேலை செய்யும் இடம், இவர்கள் அவளிடம் வந்தவர்கள். இவர்கள் முன்னால் அழுகையோ சத்தமோ வந்துவிடக் கூடாது. மதினி நீட்டிய பூவைத் திரும்பவும் இலைக்குள் போக விடவும் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தேன்.

"ஒண்ணும் இல்லம்மா. அத்தை எனக்குத்தான் வாங்கினாங்க," என்றேன். மதினிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, தலையைக் குனிந்தேன். "வைங்க மதினி."

"சாந்தி," என்றார் அண்ணன். ஒரே ஒரு தடவை.

மூன்று வருஷத்துக்கு முன்பு என் தலையிலிருந்து கடைசிப் பூவை எடுத்ததும் இதே மதினியின் கைதான். அப்போது அவர் என்னைவிட அதிகமாக அழுதார். இப்போது அவர் கை என் பின்னால் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. சுவரில் சாய்ந்திருந்த மஞ்சள் குடையின் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தர்ஷினிதான் முதலில் அசைந்தாள். அவளுக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான். மாமா வருகிறார் என்று பொட்டை எடுத்து வைத்த அம்மாவுக்கு, அத்தை பூ வாங்கி வந்திருக்கிறார்.

"அத்தை! அம்மாவுக்கா வாங்கினீங்க?" என்று ஓடிவந்து மதினியைக் கட்டிக்கொண்டாள். "நான் எவ்ளோ சொன்னேன் தெரியுமா? கேக்கவே மாட்டாங்க. நீங்க வேற லெவல் லா அத்தை." அவள் அழுதாள். விவரம் தெரியாத ஆஸ்திரேலிய அம்மா கைதட்டினாள்.

மதினி பூவை வைத்தார். அவசரத்தில் சரியாகச் செருகவில்லை, கொண்டையில் சும்மா சுற்றிவிட்ட மாதிரி இருந்தது. சிமிழை மூடி, 'டக்' என்று பைக்குள் போட்டார். சீனப் பெண் படம் எடுத்து அப்போதே தர்ஷினிக்கு அனுப்பினாள். அந்தப் படத்தில் தர்ஷினி ஒருத்திதான் சிரிக்கிறாள்.

8

சாப்பாட்டுக் கடையில் அண்ணன் மோரை மட்டும் குடித்தார். தர்ஷினிக்கு மத்தியானம் இன்னொரு கூட்டம் இருந்ததால் அவள் அங்கேயே நின்றுவிட்டாள். நாங்கள் மூன்று பேரும் வண்டியில் ஏறினோம்.

பாலத்தில் ஏறியதும் அண்ணன் பேசினார்.

"முன்னாடியே சொல்லிருக்கலாம்ல?"

"சொல்ல முடியலண்ணே."

"அவளைக் கேட்டா என்ன சொல்லுவா?"

"மாட்டேம்பா. கார்த்திக்க அவ அண்ணனாத்தான் பாக்குறா. அவகிட்ட இன்னைக்கு ராத்திரி எல்லாத்தையும் நானே சொல்றேன். உங்களுக்கு அவ வாயால பதில் வரும்."

"நீ?"

"நான் இங்கதான்ணே இருப்பேன்."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். வேர்வையா, வேறு எதுவுமா என்று நான் பார்க்கவில்லை. முன்னால் ஒரு லாரி வந்தபோது அவர் கால் தரையை அழுத்தவில்லை. அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது.

வண்டிக்குள் மல்லிகை வாசனை தாங்க முடியவில்லை. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினேன். கடல் காற்று சீறிக்கொண்டு உள்ளே வந்தது. சரியாகச் செருகாத சரம் கொண்டையிலிருந்து அவிழ்ந்து தோளில் சரிந்தது. பிடித்துக்கொள்ள ஒரு கையை எடுக்கப் பார்த்தேன். பாலத்தின் மேல் முடியவில்லை.

பின்னாலிருந்து மதினியின் கை வந்தது. தோளில் கிடந்த பூவை எடுத்தது. எடுத்தே விட்டார் என்று நினைத்தேன். வைத்த பூவை எடுத்துவிட்டால் அது வேறு கணக்கு என்று அவருக்குத் தெரியாதா என்ன?

கண்ணாடியில் பார்த்தேன். மதினி தன் தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய், தன் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவினார். அதைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சரத்தை மறுபடி என் கொண்டையைச் சுற்றி வைத்து, இறுக்கிக் குத்தினார். வலித்தது.

"ஆடாத," என்றார். "ரோட்டப் பாத்து ஓட்டு."